கறுப்புக் கோடு எப்படி ஓடுகிறது?

'பெர்செபோலிஸ்' பார்த்த பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வெறும் கோட்டுப் படங்கள், வண்ணமும் இல்லை. ஆனாலும் அந்தச் சிறுமி நிஜமாகவே ஓடுகிற மாதிரி இருக்கிறதே, எப்படி?"

தெஹ்ரானில் வளர்ந்த தன் கதையை முதலில் படக்கதையாக வரைந்தவர் மர்ஜான் சத்ராபி. வின்சென்ட் பாரோனோவுடன் சேர்ந்து 2007இல் அதைத் திரைப்படமாக்கினார். கையால் வரைந்த படம், பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. நம் மலேசியக் கேலிச்சித்திரக்காரர் லாட்டின் 'கம்போங் பாய்' படக்கதையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கோடுகளோடு உடனே ஒட்டிப்போகும்.

திரையில் வினாடிக்கு 24 பிரேம் ஓடும். கையால் வரைபவர்கள் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பார்கள். ஆக வினாடிக்கு 12 ஓவியம்தான். அவை எப்படி அசைவாகத் தெரிகின்றன என்பதற்குப் 'பார்வை நிலைப்பு' என்று பள்ளியில் விடை எழுதியிருப்போம். அந்த விடை போதாது. முந்தைய படம் கண்ணில் தங்குவதுதான் காரணமென்றால், கை தூக்கிய ஓவியமும் கை தாழ்ந்த ஓவியமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சிறுமிக்குக் கூடுதலாக ஒரு கை முளைத்திருக்க வேண்டும். திரை மினுக்காமல் தெரிவதற்குக் கண்ணின் அந்த மந்தம் உதவுகிறது. அசைவு வேறு கதை.

அந்தக் கதையை அவிழ்த்துக் கொடுத்தது ஒரு வண்டு. 1950களில் ஜெர்மனியில் ஹாசன்ஸ்டைன், ரைக்கார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் வண்டின் முதுகை ஒட்டி அந்தரத்தில் நிறுத்தி, அதன் கால்களில் கிளை பிரியும் பாதைகளாக வைக்கோலால் செய்த சிறு உருண்டையைக் கொடுத்தார்கள். வண்டு நடக்கும், நகர்வதோ உருண்டை. சுற்றிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் சுழலும். வைக்கோல் பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் வண்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

அதிலிருந்து கிடைத்த கணக்கு எத்தனை முறை யோசித்தாலும் எனக்குச் சலிக்காது. அருகருகே இரண்டு ஒளி உணர்விகள், அ, ஆ. அ அனுப்பும் செய்தி சற்றுத் தாமதமாகப் போகும், ஆ அனுப்புவது உடனே போகும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தால் மட்டுமே அடுத்துள்ள நரம்பணு துடிக்கும். அ-விலிருந்து ஆ-வுக்கு ஏதாவது நகர்ந்தால், முன்னே கிளம்பிய மெதுவான செய்தியும் பின்னே கிளம்பிய வேகமான செய்தியும் ஒன்றாக வந்து சேரும். எதிர்த்திசையில் நகர்ந்தால் சேராது. இப்போது எதுவும் நகரவே வேண்டாம். அ-வில் ஒரு மினுக்கு, இம்மி நேரம் கழித்து ஆ-வில் ஒரு மினுக்கு. அந்த அணு அப்போதும் துடிக்கும்! தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்ப்பந்தல்களில் விளக்குச் சரம் ஓடுவது இப்படித்தான். ஒரு பல்பும் இடம்விட்டு அசைவதில்லை.

இதே ஆராய்ச்சிக்கு இன்று நம் நாட்டில் விண்ணப்பித்தால் "இதனால் என்ன லாபம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று அஞ்சுகிறேன். லாபம் தெரியாத கேள்விகளுக்கும் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். பிள்ளை மருத்துவம் படிக்காமல் பூச்சியைப் பற்றிப் படிக்கிறேன் என்றால், பெற்றோர் பதற வேண்டியதில்லை.

மனித மூளையிலும் அசைவுக்கென்று தனிப் பகுதி உண்டு. அது பழுதான ஒரு பெண்ணைப் பற்றி 1983இல் மருத்துவர்கள் எழுதினார்கள். அவருக்கு நிறமும் உருவமும் நன்றாகத் தெரிந்தன. ஆனால் கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதாகத் தெரிந்தது. மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குப் புரியவில்லை.

இனி வண்ணத்துக்கு வருவோம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரியுடன் சேர்ந்து 1978இல் ஒரு சோதனை செய்தார். சிவப்பும் பச்சையும் வெளிச்சத்தில் சமமாக இருக்கும்படி வைத்துப் புள்ளிகளை இடம் மாற்றிக் காட்டினார்கள். நிறம் தெரிந்தது, அசைவு உணர்வு மங்கிப்போனது. அசைவைக் காணும் அமைப்பு பெரிதும் நம்பியிருப்பது வெளிச்ச வேறுபாட்டைத்தான். வெள்ளைமேல் கறுப்பு மை அதை அள்ளிக் கொடுக்கிறது. ஐயமிருந்தால் தொலைக்காட்சியில் நிறத்தை முழுவதும் குறைத்துவிட்டுப் பூப்பந்தாட்டம் ஒன்றைப் பாருங்கள். பந்தின் வேகம் துளியும் குறைந்திருக்காது.