நாய் கொட்டாவி விட்டால் கிளம்பிவிடுங்கள்

"டாக்டர், எங்க பையன் ரொம்பப் பாசக்காரன். யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் மேல ஏறிடுவான். முதியோர் இல்லத்துல இருக்கறவங்களுக்கு ஆறுதலா இருக்குமேன்னு வாராவாரம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம், ஒரு சர்டிபிகேட் வேணும்."

கால்நடை மருத்துவராக இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கிறவர்கள் எல்லாருமே நல்ல மனசுக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் பெருமையாகச் சொல்கிற அந்த "மேல ஏறிடுவான்" என்ற சொல்லில்தான் எனக்குக் கவலை தொடங்குகிறது. எண்பது வயதானவரின் முன்கைத் தோலைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்துவிட்டால், பாசமாகத் தூக்கி வைத்த ஒரு பாதத்தின் நகக்கீறல் போதும், ரத்தம் நிற்க வெகுநேரமாகும். தடுப்பூசி போட்டாயிற்றா, தோல் சுத்தமாக இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்து நான் சீக்கிரமே எழுதிக் கொடுத்துவிடலாம். இந்த வேலைக்கு இந்த நாய் சரிப்படுமா என்பதைச் சொல்லச் சில வாரங்களாவது ஆகும்.

இப்படி நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆறுதலாகக் கூட்டிப்போகும் நாயைத் தெரபி நாய் என்பார்கள். அதைப் பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாயோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வழிகாட்டி நாய் ஒரே மனிதருக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த நாய், வேலை நேரத்தில் அதை அடுத்தவர் தொடக்கூடாது. தெரபி நாய் அப்படியே நேரெதிர். அது யாரோ ஒருவர் வீட்டுச் செல்லம். வளர்ப்பவரோடு சேர்ந்து போய், முன்பின் தெரியாதவர்கள் தொடுவதற்காகவே அங்கே உட்கார்ந்திருக்கிறது. வித்தை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஓர் அந்நியக் கை தலையை நோக்கி வரும்போது உடம்பை இறுக்காமல், தானாகவே அந்தக் கைக்கு அருகில் போகிற குணம் இருந்தால் போதும். பயிற்சியால் இந்தக் குணத்தை மெருகேற்றலாம், இல்லாத நாய்க்குள் புகுத்த முடியாது. இனமும் பெரிய விஷயமில்லை. லாப்ரடார் என்றாலே தகுதி என்று நினைத்து வருகிறார்கள். நான் வேண்டாம் என்று சொன்ன லாப்ரடார்கள் உண்டு, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த கலப்பின நாய் ஒன்று வருஷக்கணக்கில் அழகாகச் செய்ததும் உண்டு.

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. நெடுநாள் படுக்கையில் இருப்பவருக்குச் சின்னதாக ஒரு செல்லப்பிராணி நல்ல துணை என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1860 வாக்கிலேயே எழுதிவைத்துவிட்டார். இரண்டாம் உலகப்போரின்போது நியூ கினியில் ஒரு பதுங்குகுழியில் கிடைத்த ஸ்மோக்கி, இரண்டு கிலோகூட எடை இல்லாத யார்க்‌ஷயர் டெரியர் இன நாய், காயம்பட்ட வீரர்களின் கட்டில் கட்டிலாகப் போய்வந்தது. 1960-களில் போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன் அறையில் தற்செயலாக இருந்த தன் நாய் ஜிங்கிள்ஸோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்து, நாயையும் சிகிச்சையில் ஒரு கூட்டாளியாக எழுத ஆரம்பித்தார். 1976-ல் எலெய்ன் ஸ்மித் என்ற நர்ஸ் நியூ ஜெர்சியில் தெரபி டாக்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கினார். நாயைச் சோதித்து, பதிவு செய்து அனுப்புகிற முறை பரவியது அதற்குப் பிறகுதான்.

சரி, நிஜமாகவே பலன் உண்டா? கலிபோர்னியாவில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்த 76 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள். சிலரை ஒரு தன்னார்வலர் நாயோடு வந்து பார்த்தார், சிலரை நாய் இல்லாமல் வந்து பார்த்தார், சிலரை யாரும் வந்து பார்க்கவில்லை. நாயோடு இருந்தவர்களுக்கு நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தமும், பதற்றத்தில் சுரக்கும் எபிநெப்ரினும் மற்றவர்களைவிட அதிகம் குறைந்தன, மனப்பதற்றமும் குறைந்தது. இதில் என்னை உலுக்கியது நேரக் கணக்குதான். அந்தச் சந்திப்பு வெறும் 12 நிமிஷம்! நாம் ஒவ்வொரு அறையிலும் அரைமணி நேரம் உட்கார்ந்து நாயைக் களைக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

என் நாய் பொம்மியோடு நான் போய்க்கொண்டிருந்த இல்லத்தில் பக்கவாதம் வந்து வலதுகை முடங்கிய ஓர் அம்மா இருந்தார். பிசியோதெரபிஸ்ட் கையைத் தூக்கச் சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பொம்மி கட்டிலின் வலதுபக்கம் போய் உட்கார்ந்து, தாடையை மெத்தை விளிம்பில் வைத்தது. அவ்வளவுதான். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. அப்புறம் அவர் இடதுகையால் தன் வலதுகையைத் தூக்கிக் கொண்டுவந்து நாயின் நெற்றியில் வைத்தார், ஒரு பொருளை எடுத்து வைப்பதுபோல. சில வாரங்கள் கழித்து ஒருநாள் அந்த வலதுகை விரல்கள் தாமாகக் காது மடலைத் தேடி ஓர் அங்குலம் நகர்ந்ததை நானும் பிசியோதெரபிஸ்டும் பார்த்தோம். நாய் குணப்படுத்தியது என்று நான் எங்கேயும் சொல்வதில்லை, அது பயிற்சியும் காலமும் செய்த வேலை. பிடிக்காத பயிற்சியைச் செய்வதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்தது, அதைத்தான் பொம்மி கொடுத்தது.

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு அறைகள் முடித்துவிட்டுக் கிளம்பத் தயாரானபோது, "இன்னும் மூணு பேர் காத்துட்டிருக்காங்க டாக்டர்" என்றார் நர்ஸ். எப்படி மறுப்பது, சரி என்றேன். ஐந்தாவது அறையிலேயே பொம்மி கொட்டாவி விட்டிருந்தது, தூக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வராந்தா டைல்ஸில் அதன் பாதத்தடம் ஈரமாகப் பதிந்துகொண்டே வந்தது, எங்கேயோ தண்ணீரை மிதித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நாய்க்கு வியர்வை பாதத்தில்தான் வரும் என்பதைக் கல்லூரியில் படித்த நானே அன்று அப்படி நினைத்தேன். ஒன்பதாவது அறையில் மறதிநோய் உள்ள ஒரு பெரியவர் ஆசையாகக் குனிந்து கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டபோது பொம்மி ஒரே ஒருமுறை உறுமியது. கடிக்கவில்லை, பல்லைக்கூடக் காட்டவில்லை. ஆனால் அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, நான் என்ன தப்புச் செய்தேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் அவருக்கு அது நினைவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்த முகம் அப்படியே இருக்கிறது.

பொம்மி தப்பு செய்யவில்லை. நான்கு அறைகளாக அது சொல்லிக்கொண்டே வந்ததை நான்தான் கேட்கவில்லை. உறுமியதற்காக நாயை அதட்டாதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். உறுமக்கூடாது என்று கற்றுக்கொண்ட நாய் அடுத்தமுறை எச்சரிக்காமல் கடிக்கும்.

தன்னார்வலராக ஒரு நாயோடு உள்ளே போகும்போது நம் கண் பாதி நேரம் நோயாளியின் மேலும் பாதி நேரம் நாயின் மேலும் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். நான் அதற்கு ஒருபடி மேலே போய், பெரும்பகுதி நாயின் மேல்தான் இருக்க வேண்டும் என்பேன், ஏனென்றால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நாய்க்கு நம்மைவிட்டால் யாரும் இல்லை. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, தின்பண்டம் எதுவும் இல்லாதபோது மூக்கையும் உதட்டையும் நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருப்பதால் ஓரத்தில் பிறைபோலத் தெரிகிற வெள்ளை விழி, வெயிலே இல்லாமல் மூச்சிரைப்பு, நனையாதபோதும் உடம்பை உதறுவது, திடீரென்று தரையை மோப்பம் பிடிப்பதில் மும்முரமாகிவிடுவது, நம் காலுக்குப் பின்னால் போய் நிற்பது. இதில் ஒன்று தனியாக வந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அன்றைக்குப் போதும். வழக்கமாகப் பாய்ந்து வாங்கித் தின்னும் பிஸ்கட்டை வேண்டாமென்று நாய் தள்ளினால் அந்த நிமிஷமே கிளம்பிவிடுங்கள்.

இன்னொரு எளிய வழி இருக்கிறது, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மூன்று விநாடி தடவிக்கொடுத்துவிட்டுக் கையை எடுங்கள். நாய் நெருங்கி வந்து கையை முட்டினால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். அப்படியே நின்றாலோ, தலையைத் திருப்பினாலோ, சகித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். "எங்க நாய் யார் என்ன செஞ்சாலும் பேசாம இருக்கும்" என்று சொல்கிற பலருடைய நாய்கள் இந்தச் சோதனையில் தலையைத் திருப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பேசாமல் இருப்பது வேறு, பிடித்து இருப்பது வேறு. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், மனிதர் நாயைத் தடவிக்கொண்டிருக்கும்போது, பாசத்தோடு தொடர்புள்ள ஹார்மோனான ஆக்ஸிடோசின் இருவர் ரத்தத்திலும் கூடியதைக் கண்டார்கள். இருவர் ரத்தத்திலும் என்பதைக் கவனியுங்கள். நாய்க்கு இன்பமில்லாத ஒரு சந்திப்பை நாம் நடத்தினால் அங்கே ஒருபக்கம்தான் நடக்கிறது, அதுவும் ரொம்ப நாள் நடக்காது.

என்னிடம் வருகிற நாய்களை நான் முதலில் பார்ப்பது சத்தத்துக்காக. முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கீழே போடுவேன். நாய் திடுக்கிடலாம், தப்பில்லை; எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. பிறகு சக்கர நாற்காலி, வாக்கர், தள்ளாடி நடக்கிற ஒருவர், திடீரென்று உரக்கப் பேசுகிற ஒருவர். கடைசியில், கீழே விழுந்த மாத்திரையைப் பார்த்து "விடு" என்றால் விடுகிறதா என்று. சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் பராமரிப்பு இல்லத்தின் தரையில் மாத்திரை கிடப்பது சாதாரணம், சில வலி மாத்திரைகள் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடக்கூடும்.

சுத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி, எலிக்காய்ச்சல் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி இல்லாத தோல், படை இல்லாத ரோமம், அராவி மழுங்கடித்த நகம் இவையெல்லாம் பேரத்துக்கே இடமில்லாதவை. பச்சை இறைச்சி சாப்பிடும் நாயைக் கூட்டிப்போகக்கூடாது, வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் சால்மோனெல்லா கிருமியை அது பரப்பக்கூடும். அமெரிக்க மருத்துவமனைத் தொற்றுநோய் நிபுணர்கள் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் அப்படிப்பட்ட நாய் 90 நாள் விலகியிருக்க வேண்டும் என்கிறது. ஒரு வருகை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, நாய்க்குக் குறைந்தது ஒரு வயதாகியிருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. கிருமி பெரும்பாலும் பயணம் செய்வது கையில்தான். ஒரு கட்டிலில் தடவிய கை, நாயின் ரோமம், அடுத்த கட்டிலின் கை என்று சங்கிலி போய்க்கொண்டே இருக்கும். அதனால் நாயைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும், நாயைப் பிடித்திருப்பவரும் சேர்த்து. புண்ணை நக்க விடாதீர்கள், முகத்தை நக்க விடாதீர்கள், அவர்களே ஆசைப்பட்டுக் கேட்டாலும்.

கதவருகில் நின்று கேட்காமல் எந்த அறைக்குள்ளும் போகாதீர்கள். ஒருவருக்குச் சின்ன வயதில் நாய் கடித்திருக்கலாம், ஒருவருக்கு அலர்ஜி, ஒருவருடைய நம்பிக்கைக்கு நாய் ஒத்துவராமல் இருக்கலாம். போன வாரம் சிரித்து வரவேற்றவர் இந்த வாரம் வேண்டாம் என்றால் சரி என்று நகர்ந்துவிட வேண்டும். அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு எப்போது சாப்பிடுவது, எப்போது குளிப்பது என்பதையெல்லாம் அடுத்தவர்தான் முடிவு செய்கிறார்கள்; வேண்டாம் என்று அவர்கள் சொல்லி, அதை நாம் உடனே மதிப்பதே ஒரு பெரிய மரியாதை. சிலர் நாயைத் தொட்டதும் அழுவார்கள், வீட்டில் விட்டுவிட்டு வந்த நாயின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேச்சை மாற்றாதீர்கள், "அது எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் நாலு வாரம் நாய் இல்லாமல் போய்வாருங்கள். அந்த வாடை, அந்த அலறல், ஒருநாள் போனால் காலியாகக் கிடக்கும் கட்டில் இதையெல்லாம் நம் மனசு தாங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் கலக்கம் லீஷ் வழியாக நேராக நாய்க்குப் போய்விடும். அதோடு, வாராவாரம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மாதத்தில் நின்றுபோகிறவர்கள் போகாமலே இருந்திருக்கலாம். கதவையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பொம்மிக்குப் பதினோரு வயதானபோது இடுப்பு மூட்டில் வலி வந்தது. மருந்தோடு ஓட்டிக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு காலை வழக்கம்போல அதன் நீலத் துணியைக் கையில் எடுத்தேன், துணியைப் பார்த்ததும் வாலாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிற நாய், தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பாயிலேயே தலையை வைத்துக்கொண்டது. துணியை மடித்து வைத்துவிட்டு அன்று நான் மட்டும் போனேன். அந்த வலதுகை அம்மா எனக்குப் பின்னால் இருந்த வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பொம்மிக்குக் கால் வலி, இனிமேல் வராது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"சாப்பிடுதா?" என்று கேட்டார்.

சாப்பிடுகிறது என்றேன்.