வைட் ரிசீவர்: விலகி நின்று பிடிப்பவருக்கு ஒரு தமிழ்ச் சொல்

அமெரிக்கன் ஃபுட்பாலில் 'வைட் ரிசீவர்' என்பது ஆடுகளத்தில் ஓர் இடத்துக்கும் அந்த இடத்தில் ஆடுபவருக்கும் சேர்த்து வழங்கும் பெயர். ஆட்டம் தொடங்கும் நொடியில் இரண்டு அணியின் கனத்த ஆட்களும் பந்தருகே தோளோடு தோள் நெருக்கிக் குனிந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்தை விட்டுப் பல கஜம் தள்ளி, கோட்டோரமாக, பெரும்பாலும் ஒல்லியான ஒருவர் நிற்பார். பந்து, அதை எறியும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக்கின் கைக்குப் போனதும் இவர் ஓடத் தொடங்குவார். தன்னைக் காவல் காக்கும் எதிரணிக்காரரை ஏமாற்றி விலகி, எறியப்படும் பந்தைப் பிடித்து, முடிந்த மட்டும் முன்னால் ஓடுவார். பெயரில் 'ஃபுட்' இருந்தாலும் இந்த ஆட்டத்தில் காலால் உதைப்பது எப்போதாவதுதான். அது வேறு கதை.

இரண்டு சொல்லுமே தமிழ்க் காதுக்குப் பழக்கமானவை என்பதுதான் சிக்கல். 'வைட்' என்றதும் கிரிக்கெட் நடுவர் இரு கையையும் விரிப்பது நினைவுக்கு வரும். 'ரிசீவர்' என்றால் பழைய தொலைபேசியில் காதில் வைக்கும் பாகம். செய்தித்தாள் படிப்பவர்களுக்கு, வழக்கில் மாட்டிய சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமிக்கும் ஆள். இந்த அர்த்தங்களை வைத்துக்கொண்டு தமிழாக்கப் போனால் 'அகலப் பெறுநர்' என்று வந்து நிற்கும். பந்து பிடிப்பவரைச் சொல்வது போல இல்லை; பதிவுத் தபாலில் கையெழுத்துப் போடுபவரைச் சொல்வது போல இருக்கிறது.

முதலில் ரிசீவரைப் பார்ப்போம். 'ரிசீவ்' என்ற ஆங்கில வினை பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் மொழியின் 'ரெகிபெரே'யிலிருந்து வந்தது. அதற்குள் இருக்கும் வேர் 'காபெரே'. அதன் பொருள் பற்றுதல், பிடித்தல், கைப்பற்றுதல். கிரிக்கெட்டில் நாம் நாள்தோறும் சொல்லும் 'கேட்ச்' என்ற சொல்லும் சுற்றி வளைத்து இதே வேரில்தான் போய் முடிகிறது. ஆக, வந்ததைப் பெற்றுக்கொண்டு சும்மா இருப்பவர் என்ற பொருள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டது. அடியில் கிடப்பது பிடி. தமிழில் 'பிடி' என்று ஒன்றும் 'பெறு' என்று ஒன்றும் இருக்கும்போது எதை எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை.

'வைட்' கொஞ்சம் வம்பு பிடித்தது. பழைய ஆங்கிலத்திலேயே அதற்கு அகலம் என்ற பொருளோடு விரிந்து தொலைவு வரை செல்வது என்ற பொருளும் உண்டு. இந்த ஆட்டத்தில் அது அகலத்தைக் குறிக்கவில்லை. நடுவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்பதைக் குறிக்கிறது. ஏன் விலகி நிற்க வேண்டும், எப்போதிலிருந்து நிற்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் தமிழ்ச் சொல்லைத் தேட முடியும். அதற்கு 1905க்குப் போக வேண்டும்.

அப்போது இந்த ஆட்டத்தில் பந்தை முன்னோக்கி எறியவே அனுமதி கிடையாது. ஆட்டம் பெரும்பாலும் கல்லூரிகளின் கையில் இருந்தது. மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து கூட்டத்தின் மேல் மோதுவதுதான் உத்தி. அந்த ஒரு பருவத்தில் மட்டும் 18க்குக் குறையாத ஆட்டக்காரர்கள் இறந்ததாக அன்றைய செய்தித்தாள்கள் கணக்குச் சொல்லின. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் ஆட்களை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்துப் பேசினார். மறு ஆண்டு, 1906ல், விதிகள் மாறின. மோதலைக் கலைத்து ஆட்டத்தைத் திறந்துவிட, முன்னோக்கி எறிவது அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 5 அன்று விஸ்கான்சின் மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன், சட்டப்படியான முதல் பந்தை ஜாக் ஷ்னைடரை நோக்கி எறிந்தார். ஷ்னைடருக்கு அது கிட்டவில்லை. யாருடைய கையும் படாமல் பந்து தரையில் விழுந்தால் அது எதிரணிக்குப் போய்விடும் என்பது அன்றைய விதி, போய்விட்டது. அதே ஆட்டத்தில் அப்புறம் எறிந்த பந்தைப் பிடித்து ஷ்னைடர் டச்டவுனும் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்துப் புள்ளி பெறுவது) போட்டார்.

இப்படிக் கடுமையான தண்டனை இருந்ததால் பல அணிகள் எறியத் தயங்கின. 1913 நவம்பரில் நோட்டர் டேம் அணி வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போய் ராணுவக் கல்லூரி அணியை 35-13 என்று தோற்கடித்தபோதுதான் நாடு திரும்பிப் பார்த்தது. கஸ் டொரேஸ் எறிய, நூட் ராக்னே ஓடிக்கொண்டே பிடித்தார். இருவரும் அந்தக் கோடை விடுமுறையில் ஏரி ஏரிக்கரையில் வேலை பார்த்துக்கொண்டே மணலில் இதைப் பழகியிருந்தார்கள். (அந்த ஏரியின் பெயரே ஏரிதான், அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம்.)

கவனிக்க வேண்டியது, ராக்னேயை அன்று யாரும் ரிசீவர் என்று அழைக்கவில்லை. அவர் 'எண்ட்', அதாவது கோடி ஆள். தாக்கும் அணியில் பதினொரு பேர்; ஏழு பேர் பந்து இருக்கும் கோட்டின் மேல் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையின் இரு கோடியில் நிற்பவர்களும் வரிசைக்குப் பின்னால் நிற்பவர்களும்தான் எறிந்த பந்தைப் பிடிக்கலாம். இடையில் உள்ள ஐவருக்கு அந்த உரிமை இல்லை. இந்த விதி இன்றும் உண்டு. ஆக, கோடி ஆள் மோதுபவராகவும் பிடிப்பவராகவும் இருந்தார்; வேலை பிரியாததால் தனிப்பெயரும் பிறக்கவில்லை.

வேலையைப் பிரித்துக் காட்டியவர்களில் முதன்மையானவர் டான் ஹட்சன். அலபாமா பல்கலைக்கழகத்தில் கோடி ஆளாக ஆடி, 1935 புத்தாண்டு அன்று ரோஸ் பவுல் போட்டியில் ஸ்டான்ஃபோர்டை 29-13 என வீழ்த்திய அணியில் பந்து பிடித்தவர். அதே அணியில் மறுகோடியில் நின்றவர் 'பேர்' (கரடி) என்ற பட்டப்பெயருடைய பிரையன்ட். பிற்காலத்தில் அலபாமாவின் பயிற்சியாளராக ஆறு தேசியப் பட்டங்கள் வாங்கிய அதே பிரையன்ட்தான். ஹட்சனைப் பற்றிப் பேச்சு வந்தால் தன்னை 'இன்னொரு கோடி ஆள்' என்று சொல்லிக்கொள்வாராம். தொழில்முறை ஆட்டத்துக்குப் போன ஹட்சன் 1945ல் விடைபெறும்போது 99 டச்டவுன்களைப் பிடித்திருந்தார். அந்தச் சாதனை 1989 வரை நின்றது. அவரை மடக்க எதிரணிகள் இரண்டு மூன்று பேரை ஏவ வேண்டியிருந்தது.

அப்புறம் பெயர்கள் பெருகின. வரிசையிலிருந்து பிரித்துத் தள்ளி நிறுத்தப்பட்ட கோடி ஆள் 'ஸ்பிளிட் எண்ட்' ஆனார். ஸ்பிளிட் என்றால் பிரிந்த. வரிசைக்குச் சற்றுப் பின்னால், மறுபக்கம் ஒதுங்கி நின்றவர் 'ஃபிளாங்கர்' ஆனார். ஃபிளாங்க் என்றால் விலாப்புறம், படையின் பக்கவாட்டு. வரிசையை ஒட்டியே நின்ற பருத்த ஆள் 'டைட் எண்ட்'. 1960களில் முதல் இருவரையும் ஒரே வகையில் அடக்கப் பரவிய பொதுப்பெயர்தான் வைட் ரிசீவர். பிரிந்தவர், பக்கவாட்டில் நிற்பவர், தள்ளி நிற்பவர்: மூன்று பெயரிலும் ஓடுவது ஒரே கருத்து. இவர் ஒட்டி நிற்பவர் இல்லை.

கல்லூரி ஆட்டத்தில் இந்த 'வைட்' இன்னும் கொஞ்சம் அர்த்தம் பெறுகிறது. ஆடுகளத்தின் குறுக்களவு 160 அடி. கல்லூரிக்கும் தொழில்முறைக்கும் ஒன்றே. ஆனால் பந்தை வைக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி இடைவெளி, தொழில்முறையில் 18 அடி 6 அங்குலம்தான். கல்லூரியில் பந்து ஒரு கோட்டில் வைக்கப்பட்டால் ஒரு பக்கம் 60 அடியும் மறுபக்கம் 100 அடியும் கிடக்கும். அந்த நூறடிப் பக்கத்தில் ஓடுபவருக்கு வேகம் முக்கியம், ஒடுங்கிய பக்கத்தில் நிற்பவருக்கு நெருக்கத்தில் பிடிக்கும் திறமை முக்கியம் என்று பயிற்சியாளர்கள் ஆள் பிரிப்பார்கள். பிடி எது என்பதிலும் வேறுபாடு உண்டு. கல்லூரியில் ஒரு கால் ஆடுகளத்தின் எல்லைக்கோட்டுக்குள் பட்டால் போதும். தொழில்முறையில் இரண்டு காலும் பட வேண்டும்.

சரி, இப்படி ஒருவரின் கல்லூரி வாழ்க்கை எப்படி இருக்கும்? அலபாமாவிலேயே இன்னொருவர், டெவோன்டா ஸ்மித். லூயிசியானாவில் அமைட் என்ற சிற்றூர்க்காரர். 2017ல் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். நான்கு பருவம் ஆடலாம் என்பது அன்றைய அடிப்படைக் கணக்கு. தேவைப்பட்டால் ஓராண்டைப் பயிற்சியோடு நிறுத்திக் கணக்கை ஒத்திப்போடும் வழியும் இருந்தது, அதை ரெட்ஷர்ட் என்பார்கள். ஸ்மித் ஒத்திப்போடவில்லை, ஆனால் முதலாண்டு முழுக்க அவர் பிடித்தது எட்டே எட்டுப் பந்துகள். அதில் கடைசிப் பந்து 2018 ஜனவரி 8 அன்று, ஜார்ஜியாவுக்கு எதிரான தேசிய இறுதிப்போட்டியின் கூடுதல் நேரத்தில் வந்தது. அலபாமா மூன்று புள்ளி பின்தங்கியிருந்தது. முந்தைய முயற்சியில் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவா மடக்கப்பட்டு 16 கஜம் பறிபோயிருந்தது. அடுத்த முயற்சியில் இடது கோட்டோரம் நேராக ஓடிய ஸ்மித்துக்கு 41 கஜப் பந்து. பிடித்தார், 26-23, ஆட்டம் முடிந்தது.

அதன் பிறகும் அவர் உடனே நட்சத்திரம் ஆகிவிடவில்லை. ஜெர்ரி ஜூடி, ஹென்றி ரக்ஸ், ஜெய்லன் வாடில் என்று அதே அணியில் அதே இடத்துக்குப் போட்டி. 2019ல் பந்தைப் பிடித்து மொத்தம் 1,256 கஜம் முன்னேறியும், ஜூடியும் ரக்ஸும் தொழில்முறைக்குப் போனபோது இவர் நான்காம் ஆண்டுக்குத் தங்கினார். 2020 பருவத்தில் 117 பிடிகள், 1,856 கஜம், 23 டச்டவுன். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. 1991ல் மிச்சிகனின் டெஸ்மண்ட் ஹோவர்டுக்குப் பிறகு ஒரு வைட் ரிசீவருக்கு அது கிடைத்தது அப்போதுதான். இதில் வியப்பில்லை: குவார்ட்டர்பேக் எல்லாப் பந்தையும் தொடுகிறார், ரிசீவரோ இன்னொருவர் எறிந்தால்தான் ஆட்டத்துக்குள்ளேயே வருகிறார். ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான இறுதிப்போட்டியில் முதல் பாதியில் மட்டும் 12 பிடி, 215 கஜம், 3 டச்டவுன். இரண்டாம் பாதியில் விரல் பிசகி வெளியேறினார். ஆட்டம் 52-24 என்று அலபாமாவுக்கு.

தொழில்முறைத் தேர்வுக்கு முன் எடை பார்த்தபோது ஸ்மித் 166 பவுண்டு, அதாவது சுமார் 75 கிலோ. இந்த ஆட்டத்துக்கு அது மிகவும் குறைவு என்று பலர் கவலைப்பட்டார்கள். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணி அந்தத் தேர்வில் பத்தாவது ஆளாக அவரை எடுத்தது. பயிற்சியாளர்கள் ரிசீவரை எடைபோடும்போது அதிகம் பயன்படுத்தும் சொல் 'செபரேஷன்': காவல்காரருக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி உண்டாக்குகிறார் என்பது. மோதி வெல்ல முடியாத உடம்பை வைத்துக்கொண்டு ஸ்மித் விலகியே வென்றார்.

இங்கேதான் தமிழ்ச் சொல் அமைகிறது. நிற்கும்போதும் விலகி நிற்கிறார், ஓடும்போதும் விலகுகிறார், பிறகு பிடிக்கிறார். 'அகலம்' இதில் எதையும் சொல்லவில்லை. 'ஓரப் பிடிப்பாளர்' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோடி ஆளுக்கும் வரிசைக்கும் நடுவில் உள்ள சந்தில் நிற்கும் 'ஸ்லாட் ரிசீவரும்' வைட் ரிசீவர் வகைதான், அவர் ஓரத்தில் நிற்பதில்லை. 'எட்டப் பிடிப்பாளர்' என்றும் ஆசைப்படலாம்: எட்ட நிற்பதும் எட்டிப் பிடிப்பதும் ஒரே சொல்லில் வந்துவிடும். ஆனால் 'எட்டப்' என்று வாயெடுத்தாலே கட்டபொம்மன் கதை குறுக்கே வந்து நின்றுவிடும், வேண்டாம். 'விலகுநிலைப் பிடிப்பாளர்' என்பதே என் தேர்வு. ஸ்பிளிட் எண்டுக்கு 'விலகு கோடியர்', ஃபிளாங்கருக்குப் 'பக்கவாட்டுப் பிடிப்பாளர்', ஸ்லாட்டுக்குச் 'சந்துப் பிடிப்பாளர்' என்று அதே குடும்பத்தில் மற்றவற்றையும் அமைத்துக்கொள்ளலாம்.

கலைச்சொல் அகராதிக்கு இந்த முழுவடிவம். செய்தி எழுதும்போது முதல் முறை 'விலகுநிலைப் பிடிப்பாளர்' என்று சொல்லிவிட்டு, பிறகு வெறும் 'பிடிப்பாளர்' என்றாலே போதும். 'அலபாமா பிடிப்பாளருக்கு ஹைஸ்மன் கோப்பை' என்ற தலைப்பு யாரையும் குழப்பாது. புள்ளிவிவரத்தில் 'ரிசெப்ஷன்' என்று வரும் இடத்தில் 'பிடிகள்' என்று எழுதலாம். 'வரவேற்பு' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது.