மின் பைக் பேட்டரி பழுதானால்: வாரண்டி, காப்பீடு, நுகர்வோர் ஆணையம்

பெட்ரோல் பைக்கில் இன்ஜின் தகராறு செய்தால் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டுப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாம். மின் பைக்கில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. வண்டி விலையில் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகிறது. அதுவோ சீல் வைத்த பெட்டி. வெளியார் கை பட்டால் வாரண்டி போய்விடும். உள்ளே என்ன நடந்தது என்ற தகவலையும் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்தான் படிக்க முடியும். ஆகவே பழுது வரும் நாளில் உங்களுக்குக் கைகொடுப்பவை இரண்டு: வாங்கிய நாளிலிருந்து சேர்த்து வைத்த காகிதங்கள், அவற்றைக் காட்டிக் கேட்கச் சட்டம் தந்திருக்கும் உரிமைகள்.

உங்கள் வண்டி மோட்டார் வாகனமா?

மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவு, இரண்டுக்கும் அங்கீகாரம் பெற்ற சோதனை நிறுவனத்தின் சான்று. இத்தனையும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே அல்ல. பதிவு, லைசென்ஸ், கட்டாயக் காப்பீடு எதுவும் தேவையில்லை. மற்ற எல்லா மின் பைக்குகளுக்கும் இவை மூன்றும் கட்டாயம். சொந்த உபயோக வண்டிக்குப் பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. பதிவுச் சான்று வழங்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் கிடையாது. 2021 ஆகஸ்ட் 2 மத்திய அரசு அறிவிக்கை இந்த விலக்கைத் தருகிறது. ஷோரூம் பில்லில் ‘பதிவுச் செலவு’ என்று ஒரு தொகை இருந்தால் அதில் நம்பர் பிளேட்டுக்கு எவ்வளவு, தங்கள் சேவைக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

குறைவேக வண்டியை வாங்கியபின் ‘வேக லாக்கை எடுத்துவிட்டால் 45 வரை போகும்’ என்று சில கடைகளில் சொல்வார்கள். எடுத்த நிமிடமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-வது பிரிவில் முதல் முறைக்கு 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்பது இதில் சின்ன விஷயம். விபத்தில் யாருக்காவது அடிபட்டால், காப்பீடு இல்லாத வண்டி என்பதால் இழப்பீடு முழுவதும் உரிமையாளர் தலையில் விழும். பதிவான வண்டியில் விதிகள் அனுமதிக்காத மாற்றம் செய்தால், அதே சட்டத்தின் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். பெரிய பேட்டரியோ, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரை மாற்றியோ போடும் ஆசை வரும்போது இதை நினைவில் வையுங்கள்.

மானியம்: சுருக்கமாக

2024 அக்டோபர் 1-இல் தொடங்கிய மத்திய அரசின் மானியத் திட்டமான பி.எம். இ-டிரைவில் இருசக்கர வண்டிக்கு முதல் நிதியாண்டில் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் (அதாவது ஒவ்வொரு யூனிட்டுக்கும்) 5,000 ரூபாய், உச்சவரம்பு 10,000. 2025-26-இல் அது 2,500 ஆகவும் 5,000 ஆகவும் பாதியாகக் குறைந்தது. ஆலை விலை 1.5 லட்சத்தைத் தாண்டும் வண்டிகளுக்கு இது கிடையாது. 3 லட்சத்தை ஒட்டி விற்கும் அல்ட்ராவயலெட் எஃப்77 போன்ற பைக்குகள் இதனால்தான் வெளியே நிற்கின்றன. மானியம் நடைமுறையில் உள்ள காலத்தில் அதை நீங்கள் தனியாக விண்ணப்பித்து வாங்குவதில்லை. ஆதார் சரிபார்ப்பு முடிந்ததும் மொபைலுக்கு மின் வவுச்சர் வரும். அதில் கையெழுத்திட்டுக் கடைக்காரரிடம் கொடுத்தால் பில்லிலேயே தொகை கழிக்கப்படும். பில்லில் அந்தக் கழிவு தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி உட்பட குறைந்தது 3 ஆண்டு வாரண்டி தருவது, மத்திய மானியம் பெறும் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. பேட்டரித் தகராறில் மானியத்தைவிட இந்த நிபந்தனையே அதிகம் பயன்படும்.

ஏஐஎஸ் 156 உங்களுக்கு என்ன தருகிறது

2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அதே கோடையில் நாட்டின் பல ஊர்களிலும் தீ விபத்துகள் நடந்தன. அதன்பின் ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டது. முதல் கட்டம் 2022 டிசம்பர் 1, இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய வண்டி வாங்குகிறவர்கள் தயாரிப்பு மாதத்தை இந்தத் தேதிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தத் தரத்தில் பொறியாளர்களுக்கு மட்டுமல்லாமல் உரிமையாளருக்கும் உதவுகிற அம்சங்கள் உண்டு. பேட்டரிக்குள் அடுக்கப்பட்டிருக்கும் சிறு மின்கலமான செல்லின் தயாரிப்பு மாதமும் ஆண்டும் தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும். பேட்டரி அளவுமீறிச் சூடானால் ஒலியாலும் ஒளியாலும் எச்சரிக்க வேண்டும். பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ், முக்கிய அளவீடுகளைக் குறைந்தது ஒரு மாத காலத்துக்குச் சேமித்து வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். பழைய பதிவு அழிந்து புதியது ஏறும் வாய்ப்பு இருப்பதால், பழுதான உடனே எழுத்தில் புகார் கொடுத்து, ‘பிஎம்எஸ் பதிவை எடுத்துப் பாதுகாத்து, நகல் தரவும்’ என்று அதிலேயே கேட்க வேண்டும். இரண்டு மாதம் வாய்மொழியாக அலைந்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

டெலிவரி நாளில்

பில்லிலும் வாரண்டி அட்டையிலும் சேசிஸ் எண், மோட்டார் எண், பேட்டரி எண், சார்ஜர் எண் நான்கும் இருக்க வேண்டும். பெரும்பாலும் பேட்டரி எண்ணைத்தான் விட்டுவிடுவார்கள். பேட்டரி லேபிளையும் சார்ஜர் லேபிளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி புத்தகத்தில் தேட வேண்டிய வாக்கியம், பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள் என்பது. 70 என்று சில நிறுவனங்கள், 80 என்று சில. அந்த எண்ணே இல்லையென்றால் ‘இயல்பான தேய்மானம்’ என்று சொல்லித் தள்ளிவிட வழி இருக்கிறது. பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். உணவு, பார்சல் டெலிவரிக்கு ஓட்டினால் வாரண்டி செல்லுமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம். பேட்டரியை மாத வாடகைக்குத் தரும் திட்டமென்றால் பேட்டரி உங்களுடையது அல்ல. வாடகை ஒப்பந்தம்தான் உங்கள் வாரண்டி.

முதல் மாதத்திலேயே ஒரு கணக்கு எடுத்து வையுங்கள். முழு சார்ஜிலிருந்து 20 சதவீதம் வரை, ஒரே மோடில், டயர் காற்று சரியாக வைத்து, வழக்கமான பாதையில் எத்தனை கி.மீ. ஓடுகிறது என்று குறியுங்கள். பிறகு பிளக்கில் செருகும் சிறிய மின் அளவி வழியாக சார்ஜ் போட்டு எத்தனை யூனிட் ஏறியது என்று குறியுங்கள். 3.2 யூனிட் பேட்டரியில் 20-லிருந்து 100 வரை நிரப்ப 2.56 யூனிட் வேண்டும். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் அளவியில் ஏறத்தாழ 2.9 காட்டும்.

ஓட்டம் குறைந்தால்

இந்த இரண்டு எண்களும் இருந்தால் பழுது எங்கே என்று வீட்டிலேயே பாதி தெரிந்துவிடும். 72 கி.மீ. ஓடியது 50 ஆகிவிட்டது, ஆனால் அளவி இன்னும் 2.9 காட்டுகிறது என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது. பிரேக் உரசுகிறதா, டயரில் காற்று குறைவா, செயின் இறுகியிருக்கிறதா, வீல் பேரிங் போயிருக்கிறதா என்று பாருங்கள். அளவியும் 2 யூனிட் அளவுக்கு இறங்கிவிட்டால் கொள்ளளவே சுமார் 70 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று பொருள். மூன்று முறை அளந்து தேதியோடு எழுதி, சர்வீஸ் சென்டரில் எஸ்ஓஎச் எனப்படும் பேட்டரி நல அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்றால் பெரும்பாலும் செல் வரிசைகளில் ஒன்று மற்றவற்றைவிட முன்னதாகக் காலியாகிறது. அந்த ஒன்று கீழ் எல்லையைத் தொட்டதும் பிஎம்எஸ் மொத்தத்தையும் வெட்டிவிடும். இது வாரண்டியில் வரவேண்டிய பழுது. சார்ஜே ஏறாத வண்டி வேறு கதை: காலியாக வாரக்கணக்கில் நின்றிருந்தால் பிஎம்எஸ் இழுக்கும் சிறு மின்னோட்டமே செல்களைப் பாதுகாப்பு எல்லைக்குக் கீழே கொண்டுபோய்விடும், சார்ஜர் ஏற்க மறுக்கும். நிறுவனங்கள் இதைப் ‘பராமரிப்புக் குறை’ என்று தள்ளுபடி செய்கின்றன. ஊருக்குப் போகும்போது பாதி சார்ஜில் நிறுத்துங்கள்; நீண்ட நாள் ஆனால் யாரையாவது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வேறு கம்பெனி சார்ஜரைச் செருகியதும் பதிவில் தெரியக்கூடும். மறுப்புக்கு அதுவே காரணமாகிவிடும்.

வண்டியை விடும்போது ஜாப் கார்டில் உங்கள் வார்த்தைகளிலேயே பழுதை எழுதச் சொல்லுங்கள். ‘பொதுச் சர்வீஸ்’ என்று எழுதிக் கொடுத்தால் பின்னால் நிரூபிக்க ஒன்றுமிருக்காது. கி.மீ. அளவும் விட்ட தேதியும் எடுத்த தேதியும் அதில் இருக்கட்டும்.

தீர்க்கவில்லையென்றால்

முதலில் உற்பத்தி நிறுவனத்துக்கும் கடைக்கும் ஒரே மின்னஞ்சல், 15 நாள் கெடுவோடு. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே போக வேண்டியதில்லை. செலுத்திய விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இணையம் வழியாகவே இ-ஜாக்ரிதி தளத்தில் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

கடையையும் உற்பத்தியாளரையும் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் பழி அவர் மேல் போய்விடும். பழுது நீக்கம், மாற்றுப் பொருள், வட்டியோடு விலை, இழப்பீடு என்று எல்லாக் கோரிக்கைகளையும் மனுவிலேயே கேளுங்கள். பேட்டரியைச் சோதித்துத்தான் முடிவுசெய்ய முடியும் என்றால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சோதனை தேவைப்படாத வழக்குக்கு 3 மாதம், தேவைப்பட்டால் 5 மாதம் என்று சட்டம் இலக்கு வைத்திருக்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகும்.

டெலிவரி ஊழியர்கள் கவனிக்க வேண்டியது: வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்தரப்பு வாதிடும். பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக வாங்கித் தானே பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று சட்டத்தின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. மனுவின் முதல் பத்தியிலேயே இதை எழுதுங்கள்.

வழக்கு நடக்கிறது என்று கடன் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவருக்கும் பேட்டரிப் பழுதுக்கும் தொடர்பில்லை. கெடுவது உங்கள் கடன் மதிப்பெண்தான்.

காப்பீடு எதற்கு வரும், எதற்கு வராது

கொள்ளளவு தேய்வதற்குக் காப்பீடு வராது. தீ, திருட்டு, விபத்து, வெள்ளம் என்றால் வரும், அதுவும் சொந்தச் சேதப் பகுதி எடுத்திருந்தால் மட்டும். புதிய வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு, கட்டாயம். அதில் உங்கள் வண்டிக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. 2022 ஜூன் 1 முதல் மின் வண்டிக்கான மூன்றாம் நபர் பிரீமியம் 15 சதவீதம் குறைக்கப்பட்டது. 3 முதல் 7 கிலோவாட் வரையுள்ள பைக்குக்கு அப்போது ஆண்டுக்கு 607 ரூபாய்.

வழக்கமான மோட்டார் பாலிசிகளில் பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பது பழைய வழக்கம். பெட்ரோல் வண்டியில் பேட்டரி சில ஆயிரம் ரூபாய். மின் பைக்கில் அதே விதி பேட்டரி விலையில் பாதியை விழுங்கிவிடும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பும், தண்ணீர் புகுந்த சேதத்துக்கான பேட்டரிக் காப்பும் இருக்கிறதா என்று பாலிசியில் படித்துப் பார்த்து வாங்குங்கள். தீயில் வீட்டுக்கு வரும் சேதம் வண்டிக் காப்பீட்டில் சேராது. தீ விபத்தானால் தீயணைப்புத் துறையின் சான்றைக் கட்டாயம் வாங்குங்கள், காப்பீட்டாளர் ஆய்வு முடியும்வரை எரிந்த பேட்டரியை யாரிடமும் கொடுக்காதீர்கள். கோரிக்கையை மறுத்தால் முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவு. 30 நாளில் பதில் இல்லையென்றால் அல்லது பதில் திருப்தியில்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, ஓராண்டுக்குள் போக வேண்டும்.

சொந்தச் செலவில் மாற்றும்போது

வண்டியோடு வரும் பேட்டரிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. தனியாக வாங்கினால் 18. மதிப்பீடு கேட்கும்போது வரி சேர்த்த விலையைக் கேளுங்கள். புதிய பேட்டரிக்குத் தனி வாரண்டி அட்டையும் எண்ணும் வேண்டும்.

பழையது பழைய இரும்புக் கடைக்குப் போகக்கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் உடைக்கும்போது தீயாக வெளிவரும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பயன்படுத்தி முடித்த பேட்டரியைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அதைக் குப்பையோடு கலக்காமல் ஒப்படைப்பது உரிமையாளரின் கடமை. திரும்ப வாங்கும் திட்டம் வைக்கவும் நிறுவனங்களுக்கு அந்த விதிகளில் இடமுண்டு. ஆகவே புதியதை வாங்கும் இடத்திலேயே பழையதற்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று பேரம் பேசி, பழைய பேட்டரி எண்ணைக் குறிப்பிட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள்.