பெருவிழுங்கி: கல்லீரலில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் வெள்ளையணுக்களைப் பிரித்துப் போட்டிருப்பார்கள்: நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல் அதில் இருக்காது. அதுவும் அந்தக் குடும்பம்தான். ஆனால் ரத்தத்தோடு சுற்றாமல் உறுப்புகளுக்குள் தங்கிவிடும். அப்படித் தங்கியவற்றில் 80 முதல் 90 சதவீதம் வரை இருப்பது கல்லீரலில்.

மேக்ரோஃபேஜ் என்ற சொல் கிரேக்க வேர் கொண்டது. மக்ரோஸ் என்றால் பெரிய, ஃபாகெய்ன் என்றால் தின்னுதல். பெயர் வைத்தவர் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ். 1882இல் சிசிலியின் மெசினா நகரில், கண்ணாடி போன்ற நட்சத்திரமீன் குஞ்சின் உடலுக்குள் முள்ளைச் செருகினார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன. அந்த வழியில் தொடர்ந்த ஆய்வுக்காக 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தமிழில் 'பெருந்தின்னி' என்று சொல்லலாம்தான். ஆனால் பெருந்தீனிக்காரன் என்ற வசை அதில் ஒட்டிக்கொள்கிறது. 'பெருவிழுங்கி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இந்தச் செல்லுக்கு வாயும் இல்லை, பல்லும் இல்லை. தன் சவ்வை நீட்டிக் கிருமியை வளைத்து முழுசாக உள்ளே இழுக்கிறது. அப்புறம்தான் நொதிகளால் கரைக்கிறது.

கல்லீரலில் உள்ளதற்குக் குப்ஃபர் செல் என்று தனிப் பெயர் உண்டு. இந்தப் பெயரில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் வில்ஹெல்ம் ஃபான் குப்ஃபர் 1876இல் தங்க குளோரைடு சாயம் ஏற்றிப் பார்த்து, 'விண்மீன் செல்' என்று எழுதினார். பின்னாளில் அவரே அவற்றையும் விழுங்கும் செல்களையும் ஒன்றாக எண்ணிவிட்டார். அவர் முதலில் கண்டவை வைட்டமின் ஏ சேமிக்கும் வேறு செல்கள் என்று 1971இல் ஜப்பானின் கென்ஜிரோ வாக்கே காட்டினார். அதற்குள் குப்ஃபர் பெயர் விழுங்கிகளுக்கு நிலைத்துவிட்டது. ஆகவே தமிழில் குப்ஃபர் செல்லை 'விண்மீன் செல்' என்று எழுதுவது தவறு. 'கல்லீரல் பெருவிழுங்கி' என்றால் யாருக்கும் புரியும்.

அதன் வேலையோ ஓயாதது. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வருகிறது. தப்பி வரும் பாக்டீரியாவையும் அதன் நச்சுத் துணுக்குகளையும் நுண்குழாய்களின் உட்சுவரில் அமர்ந்தபடி பிடிப்பது இதுதான். சுமார் 120 நாள் வாழ்ந்து தளர்ந்த சிவப்பணுக்களையும் மண்ணீரலோடு சேர்ந்து அகற்றுகிறது. அவற்றின் இரும்பு மறுபடி பயன்படுகிறது. மிச்சம் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி ஆகிப் பித்தத்தில் கலக்கிறது.

கல்லீரல் பெருவிழுங்கிகள் பெரும்பாலும் கருவிலேயே வந்து குடியேறி, தம்மைத் தாமே பெருக்கிக்கொள்பவை. கல்லீரல் அடிபட்டு இவை அழிந்தால், ரத்தத்தின் மோனோசைட்டுகள் அங்கே போய் அந்த இடத்தை நிரப்புகின்றன.

தொடர்ந்து மது குடித்தால் குடல்சுவர் கசிந்து நச்சு அதிகம் வருகிறது. பெருவிழுங்கிகள் அழற்சிச் சேதிகளைச் சுரக்க, நியூட்ரோஃபில்கள் திரள்கின்றன. வைட்டமின் ஏ சேமிக்கும் அந்த விண்மீன் செல்கள் தழும்பு நாரை நெய்யத் தொடங்குகின்றன. குடியை நிறுத்தினால் அந்தத் தழும்பைக் கரைக்கும் நொதிகளைச் சுரப்பவையும் பெருவிழுங்கிகளே. கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய முற்றிய சிரோசிஸில் மட்டும் அது எளிதில் நடப்பதில்லை.