லேசருக்குப் பிறகும் அது கிட்டப்பார்வைக் கண்தான்

லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றி ஐந்தாறு வருடமானவர் வருகிறார். ஒரு வாரமாகக் கறுப்புப் புள்ளிகள் பறக்கின்றன, ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது, இன்று காலையிலிருந்து ஒரு பக்கம் திரை இறங்கியதுபோல் மறைக்கிறது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் விழித்திரை கழன்றிருக்கிறது. ஏன் அன்றே வரவில்லை என்றால், "அதான் லேசர் பண்ணியாச்சே டாக்டர், இப்ப நார்மல் கண்ணுதானே?" என்கிறார். இதே பதிலை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் நீளமாக வளர்ந்துவிட்டதால் வருவது. சராசரிக் கண்ணின் நீளம் சுமார் 24 மி.மீ. மைனஸ் 8 பவர் உள்ளவருக்கு அது 26, 27 மி.மீ. வரைகூடப் போயிருக்கும். லேசர் தொடுவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் மூடியிருக்கும் கருவிழியை (கார்னியா) மட்டும்தான். அதைச் சற்றுத் தட்டையாக்கினால் பார்வை தெளிகிறது. கண்ணின் நீளம் துளியும் குறைவதில்லை. பின்னால் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியேதான் இருக்கிறது. அதில் துளை விழும் ஆபத்து மைனஸ் 8 கண்ணுக்கு உள்ளதுதான், கண்ணாடி போடாதவர் கண்ணுக்கு உள்ளதல்ல. ஆகவே வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை கட்டாயம். புள்ளி, மின்னல், திரை என்றால் அன்றைக்கே வாருங்கள்.

நாற்பதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்தையும் லேசர் தடுக்காது. மைனஸ் 2.5 உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பேப்பர் படிப்பார். லேசருக்குப் பிறகு அந்த வசதியும் போய்விடும். நாற்பதை நெருங்குபவர்கள் இதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

"பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பத்து நிமிஷத்தில் முடித்தார்களே, எனக்கு மட்டும் ஏன் முடியாது?" கணக்கைப் பாருங்கள். உங்கள் கருவிழியின் தடிமன் 500 மைக்ரான், அதாவது அரை மி.மீ. என்று வையுங்கள். லாசிக் என்ற லேசர் முறையில் மேலே மூடிபோல் திறக்கும் அடுக்கு 110. லேசர் செதுக்கி எடுப்பது ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் வீதம் மைனஸ் 8-க்கு 120. மிச்சம் 270. அடியில் 250-க்குக் கீழே போகவே கூடாது. 300 இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி. மிஞ்சும் பகுதி பலவீனமானால் கருவிழி முன்னால் பிதுங்கத் தொடங்கும். அதன் பிறகு எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளிவு முழுதாகத் திரும்பாது. இப்படி மிச்சம் குறைவாக உள்ள கண்ணுக்கு உள்ளே பொருத்தும் ஐ.சி.எல். லென்ஸ் என்ற வழி இருக்கிறது. லேசர் வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால், செய்துதருபவரைத் தேடி மூன்றாவது மருத்துவமனைக்குப் போகாதீர்கள்.

கருவிழியின் மேடு பள்ளத்தைக் காட்டும் டோபோகிராஃபி படத்தில் கீழ்ப்பாதி மட்டும் சிவந்து எழும்பியிருந்தால், அந்தப் பிதுக்கம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதோ என்று எங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். அலர்ஜியால் சின்ன வயதிலிருந்து கண்ணைக் கசக்குபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். தயவுசெய்து கசக்குவதை நிறுத்துங்கள், லேசர் செய்தாலும் செய்யாவிட்டாலும்.

மூடி திறந்து செய்யும் லாசிக், சிறு கீறல் வழியே செய்யும் ஸ்மைல், மேல்தோலை மட்டும் நீக்கிச் செய்யும் பி.ஆர்.கே. என்று எந்த முறை என்பதை உங்கள் கருவிழிதான் முடிவு செய்யும், விளம்பரம் அல்ல. பி.ஆர்.கே.யில் முதல் மூன்று நாள் வலிக்கும், பார்வை தெளியச் சில வாரம் ஆகும். அவ்வளவுதான் சொல்வேன்.

பதினெட்டு வயது நிரம்பி, ஒரு வருடமாவது பவர் மாறாமல் இருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் காத்திருங்கள். பரிசோதனைக்கு முன் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸை இரண்டு வாரம், செமி சாஃப்ட் லென்ஸை நான்கு வாரம் நிறுத்துங்கள். நேற்று இரவு கழற்றிவிட்டு இன்று வந்தால் அளவு தவறும். ரயில்வே உதவி லோகோ பைலட் வேலைக்கு முயல்பவர்கள் லேசர் பக்கமே போகாதீர்கள், செய்திருந்தால் மருத்துவத் தேர்வில் தகுதி இழப்பீர்கள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு வந்து நிற்காதீர்கள்.

சிகிச்சையன்று சென்ட், மை, பவுடர் எதுவும் கூடாது. தலைக்குக் குளித்துவிட்டே வாருங்கள், அதன்பின் ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தூங்கும்போது கண்ணை மறைக்கும் ஷீல்டு அவசியம். தூக்கத்தில் கசக்கினால் லாசிக் மூடி நகர்ந்துவிடும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தைச் சொன்ன தேதியில் நிறுத்துங்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி விட்டுக்கொண்டே இருந்தால் கண் அழுத்தம் ஏறும். லேசர் செய்த மெல்லிய கருவிழியில் அழுத்தம் குறைவாகவே அளவு காட்டும் என்பதால் எங்களுக்கும் அது எளிதில் பிடிபடாது.

கடைசியாக, லேசருக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன், பிந்தைய பவர் நான்கும் உள்ள தாளைக் கேட்டு வாங்கி, போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். அறுபது வயதில் புரை அறுவைக்கு வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் அளவைக் கணக்கிட எங்களுக்கு அந்த எண்கள் வேண்டும்.