இம்ப்ரூவ்மென்ட்: மேம்பாடா, மேம்படுத்தலா?

மருத்துவமனைப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்று மெய்ப்புப் பார்க்க என்னிடம் வந்தது. அட்டையில் இப்படி இருந்தது: “பொது மருத்துவச் சேவைகளில் தர மேம்பாடு மற்றும் மாற்றத்திற்கான தலைமைத்துவம்”. எட்டுச் சொற்கள். அவற்றில் எங்கு தேடினாலும் ஒரு வேலையைச் செய்கிற ஆள் கிடைக்கமாட்டார். உள்ளே புரட்டினால் பக்கத்துக்கு நாலைந்து ‘தர மேம்பாடு’. முதல் முறை பார்த்த சொல்லாயிருந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். எத்தனையோ அறிக்கை, சுவரொட்டி, கூட்ட அழைப்புகளில் பார்த்துச் சலித்தபின் வந்ததால் இப்படி உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பழைய பிரெஞ்சில் ‘ப்ரூ’ என்றால் ஆதாயம். இங்கிலாந்தில் வழங்கிய நார்மன் பிரெஞ்சு வழியாக ‘ஆதாயம் தரும்படி செய்’ என்ற வினை ஆங்கிலத்துக்குள் வந்தது. நெடுங்காலம் அது நிலத்தோடு ஒட்டிய சொல்: தரிசாகக் கிடந்ததை வேலியடைத்து, உழுது, வருமானம் காண்பது. பிறகுதான் பழக்கம், கருவி, ஊர், மனிதர் என்று எல்லாவற்றுக்கும் பரவியது. மருத்துவத்துக்குள் கலைச்சொல்லாக நுழைந்ததோ தொழிற்சாலை வழியாக. 1924இல் அமெரிக்காவின் பெல் தொலைபேசிக் குழுமத்தில் வால்ட்டர் ஷூஹார்ட் என்ற பொறியாளர் ஒரு வரைபடம் போட்டார். உற்பத்தியில் வரும் ஏற்றத்தாழ்வில் எது இயல்பானது, எது காரணம் தேட வேண்டியது என்று பிரித்துக் காட்டும் படம். அவர் வழியில் வந்தவர் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங். அந்தச் சிந்தனையை 1980களின் இறுதியில் மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் குழந்தை மருத்துவரான டொனால்ட் பெர்விக்.

ஆக, இந்தத் துறையில் ‘குவாலிட்டி இம்ப்ரூவ்மென்ட்’ என்றால் ‘நிலைமை நன்றாக ஆகிவிட்டது’ என்று பொருள் அல்ல. அது ஒரு வேலைமுறை. எதை எட்ட வேண்டும் என்று முடிவுசெய்து, அளந்து, சின்ன அளவில் ஒன்றை மாற்றிப் பார்த்து, பலித்தால் வைத்துக்கொண்டு, பலிக்காவிட்டால் கைவிட்டு, மறுபடி தொடங்குவது. இந்தக் கடைசி வரியில் எத்தனை வினைகள் வந்தன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது நம் ‘மேம்பாடு’. மேம்படு என்பது அதன் வேர். மேல் என்பதோடு படு சேர்ந்தது. இந்தப் ‘படு’ தானாக நிகழ்வதைச் சொல்வது: தென்படு, புலப்படு, அகப்படு. முதனிலை நீண்டு படு என்பது பாடு ஆகும், கெடு என்பது கேடு ஆவதைப்போல. இலக்கணத்தில் இதற்குத் தன்வினை என்று பெயர். மேம்படு என்றால் தானே மேலே வருவது; மேம்படுத்து என்றால் வேறொன்றை மேலே கொண்டுவருவது. பால் கெட்டது என்றால் யாரையும் ஏச முடியாது. பாலைக் கெடுத்தாய் என்றால் ஆள் அகப்பட்டார். இந்த வேற்றுமையைப் பள்ளிக்கூடம் போகாத குழந்தையும் பிழையின்றிக் கையாள்கிறது. மொழிபெயர்ப்பாளர்தான் மறந்துவிடுகிறார்.

ஆங்கிலத்துக்கு இங்கே ஒரு குறை உண்டு. இம்ப்ரூவ் என்பது நோயாளி தேறுவதற்கும் அதே வடிவம், நாம் ஒரு வார்டைச் சீராக்குவதற்கும் அதே வடிவம். சூழலை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். தமிழ் வடிவத்திலேயே பிரித்துக் காட்டும் மொழி. ஆங்கிலம் சொல்ல முடியாததைத் தமிழ் சொல்லும் அரிய இடம் இது. அந்த இடத்தில் போய் ஆங்கிலத்தின் குறையைக் கடன் வாங்கி வந்திருக்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், மருத்துவமனையில் தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசும் செவிலியர் இந்தத் தவறைச் செய்வதில்லை. “பேஷன்ட் இம்ப்ரூவ் ஆயிட்டார்” என்பார். “டிஸ்சார்ஜ் முறையை இம்ப்ரூவ் பண்ணணும்” என்பார். ஆகு ஒரு பக்கம், பண்ணு ஒரு பக்கம். சொல் அயல்மொழி, எலும்பு தமிழ். தூய தமிழில் எழுதுகிறேன் என்று ‘மேம்பாடு’ போடுகிறவரின் சொல் தமிழ், எலும்பு ஆங்கிலம். எது கலப்படம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இதைச் சொன்னால் உடனே வரும் மறுப்பு: ‘மேம்பாடு’ நிலைத்துவிட்ட சொல்லாயிற்றே, திறன் மேம்பாடு, ஊரக மேம்பாடு என்றெல்லாம் வழங்குகிறதே? வழங்குகிறது, ஆனால் அங்கெல்லாம் அது டெவலப்மென்ட். போதாததற்கு ஹெல்த் ப்ரமோஷன் என்பதையும் ‘சுகாதார மேம்பாடு’ என்கிறார்கள். மக்களிடம் நலப் பழக்கங்களை வளர்ப்பது ஒன்று; மருத்துவமனை தன் வேலைமுறையைத் திருத்திக்கொள்வது வேறொன்று; ஒரு பகுதி வளர்வது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் கையேட்டைப் படிக்கிறவர் எதைச் செய்யப் போவார்?

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. ‘தொற்றுக் கட்டுப்பாடு’ என்கிறோம், ‘மருந்துப் பயன்பாடு’ என்கிறோம். அவையும் ‘பாடு’தானே, அங்கெல்லாம் செய்பவர் இல்லையா? பயன்பாட்டை விட்டுவிடுகிறேன், அது பழக்கத்தைக் குறிப்பது, ஆளைத் தேட வேண்டியதில்லை. கட்டுப்பாட்டில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘தொற்றுத் தடுப்பு’ என்ற நல்ல சொல் இருக்கிறது. தடு என்றால் தடுக்கிற கை ஒன்று வேண்டும். கட்டுப்பாடு என்றால் கிருமிகள் தாமாகவே அடங்கி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

இது இலக்கணக்காரனின் குடைச்சல் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு வியன்னாவை நினைவூட்டுகிறேன். 1847இல் அங்கே பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை முடித்து வரும் மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவ வேண்டும் என்று விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் இறப்பு ஒருசில மாதங்களில் இரண்டு அளவுக்கு இறங்கியது. இது மேம்பாடு, ஐயமில்லை. ஆனால் 1849இல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. விரிவான நூலை அவர் எழுதி வெளியிட்டது 1861இல். உடன் வேலை செய்தவர்களில் பலரை அவரால் தம் பக்கம் திருப்ப முடியவில்லை. எண்கள் மேம்பட்டன. மருத்துவ உலகை மேம்படுத்த அவரால் இயலவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களின் வேறுபாடு தமிழில் ஒரு ‘த்து’வில் இருக்கிறது.

மறுபக்கம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பெருஞ்சிரையில் செருகும் குழாய் வழியாக வரும் இரத்தத் தொற்றைக் குறைக்க மருத்துவர் பீட்டர் ப்ரோனவோஸ்ட் குழு நடத்திய வேலையின் முடிவு 2006இல் வெளியானது. 103 பிரிவுகள் விவரம் தந்தன. ஐந்தே நடவடிக்கைகள்: கைகழுவு, முழுத் துணிமறைப்பு செய், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடை, தொடைச் சிரையைத் தவிர், தேவையற்ற குழாயை அகற்று. ஐந்தும் எல்லா மருத்துவருக்கும் தெரிந்தவைதான். புதிது எது என்றால், படி ஒன்று விடுபட்டால், உயிருக்கு அவசரமில்லாத வேளையில், மருத்துவரையே நிறுத்தச் செவிலியருக்குக் கொடுத்த உரிமை. ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய்-நாள். ஆயிரம் குழாய்-நாளுக்கு 2.7 என்றிருந்த இடைநிலைத் தொற்று வீதம், அதாவது பிரிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் வீதம், மூன்றே மாதத்தில் சுழியம். அங்கே மேம்பாடு வந்து இறங்கவில்லை. நிறுத்துங்கள் என்று ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டியிருந்தது.

டெமிங் பெயரால் வழங்கும் நான்கு படிகளையே பாருங்கள்: திட்டமிடு, செய், ஆராய், செயல்படுத்து. நான்கும் ஏவல் வினை. மூன்றாவதைச் ‘சரிபார்’ என்று மொழிபெயர்ப்பதும் தவறு. டெமிங்கே ‘செக்’ என்பது போதாது, ‘ஸ்டடி’ என்று இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர். சரிபார்ப்பவர் திட்டத்தோடு ஒப்பிட்டுக் குறி போடுவார், ஆராய்பவர் ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்பார். நான்கு ஏவல் வினைகளுக்கு மேலே ஆளில்லாத ஒரு பெயர்ச்சொல்லைக் கூரையாகப் போட்டது யார் யோசனையோ.

மாற்றுச் சொற்களையும் தட்டிப் பார்த்துவிட்டேன். தரம் உயர்த்தல் அழகானது. ஆனால் சிறிய மருத்துவமனையைப் பெரிய மருத்துவமனையாக அறிவிப்பதற்கு அது போய்விட்டது. சீர்திருத்தம் சட்டத்துக்கும் சமூகத்துக்கும் போனது. சீரமைப்பு என்றால் அறுவை அரங்கு நினைவுக்கு வரும். அபிவிருத்தி இலங்கைத் தமிழில் உயிரோடு இருக்கிறது, டெவலப்மென்ட் என்ற பொருளில்.

என் மனம் இழுப்பது ‘திருத்தம்’ பக்கம். காட்டைத் திருத்தினான், நிலத்தைத் திருத்தினான் என்பது உழவர் வழக்கு. ஆங்கிலச் சொல் பிறந்த அதே வயலில் பிறந்த தமிழ்ச் சொல் இது. திருந்து, திருத்து என்று தன்வினை பிறவினை இணையும் கையோடு இருக்கிறது. என்ன செய்வது, இன்று திருத்தம் என்றால் சட்டத் திருத்தம், விடைத்தாள் திருத்தம், நான் செய்யும் மெய்ப்புத் திருத்தம். பிழை செய்தவன் என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டு வருகிறது. குறை காண்பதற்கல்ல, கற்றுக்கொள்ளவே அளக்கிறோம் என்று ஊழியரை நம்பவைப்பதுதான் இந்த வேலையின் பாதி. அங்கே இந்தச் சொல் ஆகாது. ஆகவே மேம்படுத்தல். நீளம் என்பார்கள்; மூன்றே எழுத்து கூடுதல். ‘தர மேம்படுத்தல்’ என்று ஒட்டவும் வேண்டாம், ‘தரத்தை மேம்படுத்தல்’ என்று வேற்றுமை உருபோடு எழுதினால் உலகம் இடிந்துவிடாது.

‘மாற்றம்’ பற்றியும் ஒரு வார்த்தை. மாறுவதற்கும் மாற்றுவதற்கும் அது பொதுவாக நிற்கிறது என்பதால் அங்கேயும் அதே மூட்டம். பழந்தமிழில் மாற்றம் என்றால் சொல், மறுமொழி. “அவையஞ்சா மாற்றம் கொடுத்தற் பொருட்டு” என்று குறள் சொல்வது அதைத்தான். பல நிறுவனங்களில் நடக்கும் மாற்ற மேலாண்மைக் கூட்டங்களைக் கவனித்தால் இந்தப் பழைய பொருளே இன்னும் சரியாகப் பொருந்துகிறது.

கடைசியாக அந்தத் ‘தலைமைத்துவம்’. தலை என்பதோடு ‘மை’ சேர்ந்தபோதே பண்புப்பெயர் ஆகிவிட்டது. அதன் மேல் வடமொழித் ‘துவம்’ எதற்கு? பெருமைத்துவம், பொறுமைத்துவம் என்று யாராவது எழுதுவார்களா? சமத்துவத்தைக் காட்டி வாதாடுகிறார்கள். அங்கே ‘சமம்’ பக்கத்தில் ‘மை’ ஏதும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்கமாட்டேன்: தலைமை என்றால் இன்று பதவியும் பதவியில் இருப்பவரும். “தலைமை முடிவு செய்யும்” என்கிறோம். பதவி இல்லாத செவிலியர் ஒருவர் முன்வந்து வேலையை நடத்துவதைத் தலைமை என்ற சொல் காட்டவில்லைதான். அதற்கு இன்னொரு விகுதியை மேலே அடுக்குவதா தீர்வு? வினைக்குத் திரும்பலாமே. முன்னெடுப்பது, முன்னின்று நடத்துவது, முந்துறுவது. “குடிசெய்வல் என்னும் ஒருவற்குத் தெய்வம் மடிதற்றுத் தான்முந் துறும்” என்ற குறளில் தெய்வமே ஆடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் போகிறது. தெய்வத்துக்குத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை.

அட்டை வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: “பொது மருத்துவச் சேவைகளை மேம்படுத்துவதும் மாற்றுவதும்: முன்னின்று நடத்துவோருக்கான கையேடு”. உள்ளே இருந்த ‘மேம்பாடு’களையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஓரத்தில் காரணமும் குறித்து அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. உள்பக்கத் திருத்தங்கள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்களாம். அட்டை மட்டும் ஏற்கெனவே அச்சாகிவிட்டதாம்.