டிஸ்டோபியா – கேடுலகம்

டிஸ்டோபியா என்ற சொல்லில் உள்ள ‘டிஸ்’ என்ற கிரேக்க முன்னொட்டுக்குக் கெட்ட என்று பொருள். ‘டோபோஸ்’ என்றால் இடம். துர்க்குணம், துர்நாற்றம் ஆகிய சொற்களில் உள்ள வடமொழித் ‘துர்’ இந்த ‘டிஸ்’ஸுக்கு உடன்பிறப்பு.

இதற்கு முன்னோடியான சொல் யூட்டோபியா. ஆங்கிலேய அறிஞர் தாமஸ் மோர் 1516இல் லத்தீனில் எழுதிய நூலில், தான் கற்பனை செய்த தீவுக்கு அந்தப் பெயரை வைத்தார். வேர்ப்படி அது ‘இல்லாத இடம்’. நல்ல என்று பொருள்படும் இன்னொரு முன்னொட்டோடு ஒலி ஒத்துப்போவதால் ‘நல்லிடம்’ என்றும் ஒலிக்கும். 1868இல் அயர்லாந்து பற்றிய அரசுக் கொள்கையைச் சாடிய தத்துவ அறிஞர் ஜான் ஸ்டுவர்ட் மில், அதை ஆதரிப்பவர்களை யூட்டோபியர் என்பது மிகையான பாராட்டு, டிஸ்டோபியர் என்பதே பொருந்தும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசினார். சொல் பரவலானது இருபதாம் நூற்றாண்டில்தான்.

இதை ‘நரகம்’ என்று பெயர்ப்பது தவறு. நரகம் தண்டிக்க உருவானது. டிஸ்டோபியாவின் வலுவான வகையோ குறையே இல்லாத மனிதரை உருவாக்கப் புறப்பட்ட ஒழுங்கு. ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 1932ஆம் ஆண்டு நாவலான ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’டில் ஒரே கருமுட்டையிலிருந்து 96 பேர் வரை வார்த்தெடுக்கிறார்கள். கீழ்ச்சாதிக்கு என ஒதுக்கிய கருக்களுக்கு ஆக்சிஜனைக் குறைத்து மூளை வளர்ச்சியை முடக்குகிறார்கள். வளர்ந்தபின் மனம் கலங்கினால் சோமா மாத்திரை. அங்கே பெரும்பாலோர் அழுவதில்லை. கொடுமையே அதுதான்.

இது வெறும் கற்பனை இல்லை. ‘தகுதியற்றோர்’ என முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907லேயே இயற்றியது. வர்ஜீனியாவின் அத்தகைய சட்டத்தை 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

இன்றைய கருச்சோதனையில் இந்தக் கட்டாயம் இல்லை. பெற்றோரே கேட்டுச் செய்கிறார்கள். சோதனைக்குழாயில் உருவான கரு ஐந்தாறு நாள் வளர்ந்ததும், அதன் வெளியடுக்கிலிருந்து சில செல்களை மட்டும் எடுத்து மரபணுவைப் பார்ப்பார்கள். அந்த அடுக்கு நஞ்சுக்கொடியாகப் போவது, குழந்தையாக அல்ல. ஒரே கருவில் இருவகைச் செல்கள் கலந்திருந்தால் முடிவு பிசகலாம். குடும்பத்தில் தெரிந்த ஒற்றை மரபணு நோயைத் தவிர்க்க இது பெரிதும் உதவுகிறது, அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. உயரம், அறிவுத்திறன் என்று மதிப்பெண் போட்டுக் கருவைத் தேர்வது வேறு சங்கதி. அவை ஆயிரக்கணக்கான மரபணு வேறுபாடுகளின் சிறு சிறு விளைவுகளும் சூழலும் சேர்ந்து அமைபவை. ஒரே பெற்றோரின் கருக்களுக்குள் அந்த மதிப்பெண் காட்டும் இடைவெளி சிறியது. மதிப்பெண்ணுக்கு அடிப்படையான தரவோ பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையது.

ஆகவே இன்றைய சமூகத்தை அப்படியே டிஸ்டோபியா என்றுவிடுவது அவசரம். இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எது குறை என்று முடிவு செய்பவர் யார்? மறுப்பவர் எதை இழக்கிறார்? சோதனை வேண்டாம் என்ற பெற்றோரின் பிள்ளைக்குச் சிகிச்சையோ காப்பீடோ மறுக்கப்படும் நாளில் இந்தச் சொல் பொருந்திவிடும்.

தமிழில் யூட்டோபியாவைக் கற்பனாலோகம், இலட்சியபுரி என்கிறோம். டிஸ்டோபியாவுக்குக் ‘கேடுலகம்’ என்பதே என் தேர்வு. ‘கேடு’ முன்னொட்டின் பொருளைத் தாங்குகிறது, ‘கேடுலகப் புனைவு’ என்று ஒட்டவும் வளைகிறது. ‘துன்ப உலகம்’ பொருந்தாது. ஹக்ஸ்லியின் மாந்தரில் பெரும்பாலோர் துன்பப்படுவதே இல்லையே. நிலநடுக்கமோ கொள்ளைநோயோ உலகை அழிக்கும் கதைகள் பேரழிவுப் புனைவுகள். அழிவுக்குப் பின் எழும் ஆட்சி மனிதரை அளந்து தரம் பிரிக்கத் தொடங்கினால் மட்டும் கேடுலகம் எனலாம்.